பெயர் இல்லாத கல், உருவம் இல்லாத கடவுள்

பாகாலாவைப் பெரும்பாலானவர்களுக்கு ஒரு ரயில் சந்திப்பாகத்தான் தெரியும். தர்மாவரத்துப் பாதையும் காட்பாடியிலிருந்து திருப்பதி போகும் பாதையும் கூடும் இடம். அந்த ஊருக்குப் பக்கத்து மலைச்சரிவுகளில் ஒரு ஆறும் பிறக்கிறது. பெயர் சுவர்ணமுகி. வருடத்தில் பல மாதம் அதில் மணலைத்தான் பார்க்க முடியும். 2021 நவம்பர் மழையில் அதே ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஓடியதைத் திருப்பதிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மொத்தமே 130 கிலோமீட்டர் போல நீளம். திருச்சானூரையும் காளஹஸ்தியையும் தொட்டுவிட்டு வங்கக்கடலில் முடிந்துவிடுகிறது.

இவ்வளவு சிறிய ஆற்றின் சுற்றுவட்டாரத்தில் அரசர் கதைகளுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. நாராயணவனத்தில் ஆண்ட ஆகாசராஜன் பொன்னேர் பூட்டி உழுதபோது தாமரையில் கிடைத்த குழந்தைதான், பின்னால் சீனிவாசப் பெருமாளை மணந்த பத்மாவதி. அவன் தம்பி தொண்டைமான் சக்கரவர்த்தி திருமலையில் பெருமாளுக்குக் கோயில் கட்டினான். போரில் அவனுக்குச் சங்கும் சக்கரமும் கடனாகக் கொடுத்தார் சீனிவாசர். இந்தப் பக்கத்தில் வளர்ந்த எவருக்கும் இவற்றை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவர்கள் உண்மையில் இருந்தவர்களா? கேள்வி எளிது, கேட்ட உடனே சண்டையும் வரும். பக்தர் ஒரு பக்கம், பகுத்தறிவாளர் ஒரு பக்கம். கதையில் வரும் ஓர் அரசன் வரலாற்று மனிதனாக ஆவதற்கு எது தேவை என்பதைச் சண்டை இல்லாமல் யோசிக்க, நமக்குச் சம்பந்தமில்லாத ஒரு நாட்டுக்குப் போவது நல்லது. அங்கே இதே கேள்விக்கு மாட்டு எலும்பும் ஆமை ஓடும் பதில் சொல்லியிருக்கின்றன.

சிமா சியான் என்ற சீன வரலாற்றாசிரியர் கி.மு. 100ஐ ஒட்டித் தன் பெருநூலை எழுதினார். மஞ்சள் பேரரசர், யாவ், ஷுன் என்று அது தொடங்குகிறது. பிறகு வெள்ளத்தை அடக்கிய யூ. யூவிலிருந்து சியா வம்சம், அதன்பின் ஷாங் வம்சம். ஷாங் அரசர்கள் முப்பது பேர் போலப் பெயர் பெயராக வருகிறார்கள். எழுதியவருக்கும் ஷாங் வம்சத்தின் கடைசி அரசனுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டு இருந்தது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் படித்த சீன இளைஞர்கள் இந்தப் பட்டியலை நம்பத் தயங்கியதில் வியப்பில்லை.

அவர்களில் கூர்மையானவர் கூ ஜியேகாங். 1923இல் அவர் சொன்ன கருத்து இன்றைக்கும் எந்த நாட்டுப் புராணத்தைப் படிக்கிறவரும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டியது. பழைய நூல்களைக் காலவரிசையில் அடுக்கிப் பார்த்தார். மிகப் பழைய நூல்களில் யூ மட்டும் இருக்கிறார். கன்பூசியஸ் காலத்தில்தான் யாவும் ஷுனும் வந்து சேர்கிறார்கள். மஞ்சள் பேரரசர் அதற்கும் பிந்திய நூல்களில் தலைகாட்டுகிறார். வம்சாவளியில் எவர் மூத்தவரோ அவரே கதையில் இளையவர். காலம் முன்னே போகப் போகக் கதையின் தொடக்கம் பின்னே நீண்டுகொண்டிருக்கிறது.

ஆனால் ஷாங் அரசர்கள் மட்டும் கூ ஜியேகாங்கின் கத்தரிக்கு முன்பே தப்பிவிட்டார்கள். ஒரு மருந்துச் சரக்கு அவர்களைக் காப்பாற்றியது.

வட சீனாவின் மருந்துக் கடைகளில் ‘டிராகன் எலும்பு’ என்ற பெயரில் பழைய எலும்புகளைப் பொடித்து விற்பார்கள். ஹெனான் மாகாணத்து ஆன்யாங் பக்கம் உழவர்கள் வயலில் தோண்டி எடுத்துத் தந்தவையும் அதில் உண்டு. சிலவற்றில் கீறல்கள் இருக்கும். கீறல் இருந்தால் விலை போகாது என்று சுரண்டிவிட்டு விற்றதாகவும் சொல்கிறார்கள். 1899இல் பெய்ஜிங்கில் அரசுக் கல்விச்சாலைத் தலைவராக இருந்த வாங் யீரோங் அந்தக் கீறல்கள் எழுத்து என்று கண்டுகொண்டார். அவர் காய்ச்சலுக்கு வாங்கிய மருந்தில் அதைப் பார்த்தார் என்ற கதை மிகப் பிரபலம். அதையும் கூ ஜியேகாங்கின் கண்ணாடி போட்டுப் பார்ப்பதுதான் உத்தமம். மறுவருடமே அந்நியப் படைகள் பெய்ஜிங்கில் நுழைந்தபோது வாங் யீரோங் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். எலும்புகள் நண்பர் கைக்குப் போய், 1903இல் அவற்றின் படிகள் அச்சாயின.

எழுத்து எப்படி அங்கே வந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஷாங் அரசர்கள் எதையும் முன்னோரைக் கேட்காமல் செய்யமாட்டார்கள். மழை வருமா, படை எடுக்கலாமா, பல்வலிக்கு எந்தத் தாத்தாவின் கோபம் காரணம், எல்லாமே கேள்விதான். மாட்டின் தோள்பட்டை எலும்பையோ ஆமையின் அடி ஓட்டையோ சுத்தம் செய்து மழமழப்பாக்குவார்கள். அதன் பின்பக்கத்தில் நீள்வட்டமாக ஒரு குழி, அதை ஒட்டி வட்டமாக இன்னொரு குழி, மறுபக்கம் வரை துளைத்துவிடாமல் மெல்லிய ஏடு மிஞ்சும்படி செதுக்குவார்கள். பிறகு அந்தக் குழியில் நெருப்புக் கனியும் குச்சியை அழுத்துவார்கள். சூடு பட்ட இடம் விரிய முயலும். சுற்றியுள்ள குளிர்ந்த எலும்பு விடாது. உலர்ந்த எலும்பு வளையத் தெரியாதது. இழுவிசை ஓர் அளவைத் தாண்டியதும் முன்பக்கத்தில் படீரென்று கீறல் விழும். நீளக் குழியின் நடுவில் ஏடு மிக மெல்லியது என்பதால் ஒரு நேர்க்கோடு அதன் வழியே ஓடும். வட்டக் குழியிலிருந்து ஒரு கிளைக்கோடு பக்கவாட்டில் பிரியும். கிளை எந்தக் கோணத்தில் போனது என்பதை வைத்து அரசன் குறி சொல்வான். விரிசலின் வடிவத்தில் முக்கால் பங்கைச் செதுக்கியவனே முடிவு செய்துவிட்டான். முன்னோர் பேசுவதற்கு விட்டுவைத்தது அந்தக் கோணத்தை மட்டும்.

குறி பார்த்த பிறகு அதே எலும்பில் விவரத்தைப் பொறித்தார்கள். எந்த நாள், குறி கேட்டவர் யார், கேள்வி என்ன, அரசன் என்ன சொன்னான், கடைசியில் நடந்தது என்ன. எல்லாத் துண்டிலும் எல்லாம் இருக்காது. இருக்கும் சிலவற்றில் அரசன் வூ டிங்கின் மனைவி ஃபூ ஹாவின் பிரசவம் பற்றியது புகழ்பெற்றது. இன்னின்ன நாளில் பிறந்தால் நல்லது என்று அரசன் கணித்தான். முப்பத்தொரு நாள் கழித்து வேறொரு நாளில் குழந்தை பிறந்தது. நல்லதாக அமையவில்லை, பெண் குழந்தை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். மூவாயிரத்து இருநூறு ஆண்டுக்கு முந்தைய அந்தச் சலிப்பு நம் ஊர் மகப்பேறு வார்டுகளில் இன்னும் கேட்கிறது. ஆனால் அந்தப் ஃபூ ஹாவ் படை நடத்திப் போனவள் என்பதும் அதே எலும்புகளில்தான் இருக்கிறது. 1976இல் ஆன்யாங்கில் அவள் கல்லறை கொள்ளை போகாமல் கிடைத்தது. நானூறுக்கும் மேல் வெண்கலப் பொருட்கள், எழுநூறுக்கும் மேல் பச்சைக்கல் பொருட்கள், ஏறக்குறைய ஏழாயிரம் சோழிகள். வெண்கலக் கலங்களில் அவள் பெயர் இருந்தது. குறி எலும்பில் பெயராக இருந்தவள் அன்று ஆளானாள்.

1917இல் வாங் குவோவெய் செய்ததுதான் எனக்கு இந்தக் கதையின் உச்சம். குறி எலும்புகளில் வரும் முன்னோர் பெயர்களைத் திரட்டி, சிமா சியானின் பட்டியலோடு ஒப்பிட்டார். ஒத்துப்போயின. அதோடு விடவில்லை. வேறு வேறு சேகரிப்புகளில் இருந்த இரண்டு துண்டுகள் ஒரே எலும்பின் உடைசல் என்று கண்டு பொருத்தினார். மூன்று முன்னோர்களின் வரிசை சிமா சியானில் மாறிக் கிடக்கிறது என்பது அதில் தெரிந்தது. பட்டியல் பெரும்பாலும் சரி, ஓரிரண்டு இடத்தில் தவறு. கற்பனை செய்கிறவனுக்கு இப்படிப்பட்ட தவறு வராது. படி எடுத்துப் படி எடுத்து வந்த உண்மைப் பட்டியலில்தான் வரும்.

ஆயிரம் ஆண்டு அந்தப் பட்டியல் எப்படித் தாங்கியது? பதில் அவர்களுடைய சமயத்தில் இருக்கிறது. ஷாங் மக்களுக்குப் பத்து நாள் ஒரு வாரம். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயர். இறந்த அரசனுக்கு அந்தப் பத்துப் பெயர்களில் ஒன்று ஒட்டும். அந்த நாளில் அவனுக்குப் படையல். நாம் தர்ப்பணத்தில் மூன்று தலைமுறைப் பெயரைச் சொல்வதற்கே சில வீடுகளில் பெரியவர்களைக் கேட்க வேண்டியிருக்கிறது. அவர்கள் இருபது தலைமுறைக்கும் மேல் வரிசை தவறாமல் படைத்தார்கள். ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஓராண்டு ஆகும். அரசர் பட்டியலும் பூசைப் பஞ்சாங்கமும் ஒன்றே என்பதால் பெயர் மறந்தால் பூசை கெடும், பூசை கெட்டால் மழை கெடும். நாள் எண்ண அறுபது நாள் சுழற்சி ஒன்றும் வைத்திருந்தார்கள். பிரபவ, விபவ என்று அறுபதை ஆண்டாக எண்ணும் நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது. இந்தப் பக்தியின் இருட்டுப் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அரச கல்லறைப் பகுதியில் பலிகொடுக்கப்பட்ட மனிதர்களின் எலும்புக்கூடுகள் குழி குழியாகக் கிடைத்தன.

முன்னோர் எல்லாருக்கும் மேலே ‘டி’ என்றொரு பெருந்தெய்வம். மழையும் காற்றும் பகையும் அதன் கையில். ஆனால் அதற்கு நேராகப் படையல் வைத்ததாகத் தெளிவான சான்று இல்லை. இறந்த அரசர்கள்தான் நமக்காக அதனிடம் பேச வேண்டும். அதற்கு உருவமும் இல்லை. எத்தனையோ வெண்கலக் கலங்களில் கண்ணும் கொம்புமாக முகங்கள் முறைக்கின்றன. இதுதான் டி என்று காட்ட எதுவும் கிடைக்கவில்லை.

மறுபடி சுவர்ணமுகிக்கு வருவோம். திருப்பதிக்குக் கிழக்கே, ஏர்ப்பேடு மண்டலத்தில், ஆற்றங்கரை ஊர் குடிமல்லம். பரசுராமேஸ்வரர் கோயில். யானையின் முதுகு போல வளைந்த தூங்கானை மாட அமைப்பு. கருவறைத் தரை முன்மண்டபத்தை விடத் தாழ்வாக இருக்கிறது. உள்ளே ஐந்தடி உயரத்தில் ஒரு லிங்கம், கரும்பழுப்புக் கல். அதன் முன்பக்கத்தில் முழு உருவமாக ஒரு வேடன் நிற்கிறான். ஒரு கையில் ஆட்டைப் பின்னங்காலைப் பிடித்துத் தொங்கவிட்டிருக்கிறான். மறு கையில் சிறு கலயம். தோளில் மழு. காலடியில் குந்தியிருக்கும் குள்ள யட்சன். மார்பில் பூணூல் கிடையாது. உடல்வாகும் கனத்த அணிகளும் மெல்லிய ஆடையும் பார்ஹுத், சாஞ்சி யட்சர்களை நினைவுபடுத்துகின்றன.

திருவிதாங்கூர் தொல்லியல் துறையில் இருந்த து. அ. கோபிநாத ராவ் இந்தக் கல்லைத் தன் சிற்பநூலில் உலகுக்குக் காட்டினார். வருடங்களைப் பாருங்கள்: அவர் நூல் 1914க்கும் 1916க்கும் நடுவே வந்தது, வாங் குவோவெய்யின் கட்டுரைகள் 1917இல். ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ராவ் இந்த லிங்கத்துக்கு கி.மு. இரண்டாம் நூற்றாண்டு என்று காலம் குறித்தார். அது சரியென்றால், சிமா சியான் பிறந்து வளர்ந்த நூற்றாண்டிலேயே குடிமல்லத்தில் யாரோ ஒருவர் உளி பிடித்திருக்கிறார்.

1973இல் இந்தியத் தொல்லியல் துறைக்காக ஐ. கார்த்திகேய சர்மா இங்கே அகழ்ந்தார். லிங்கம் முதலில் கூரையில்லாத வெட்டவெளியில் நின்றது என்று தெரிந்தது. சுற்றிலும் பௌத்தத் தூபிகளுக்குப் போடுவது போன்ற கல்வேலி. பிறகு சாதவாகனர் காலத்துப் பெரிய செங்கல்லால் (42 சென்டிமீட்டர் நீளம்) கோயில். கறுப்பு-சிவப்பு மட்கலங்களும் கிடைத்தன. சிவனுக்குக் கூரை பிறகுதான் வந்தது என்பது எனக்கு இந்த அகழ்வின் அழகான செய்தி.

ஆனால் காலம் இன்னும் சண்டையில்தான் இருக்கிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டு என்பவர் முதல் கி.பி. என்பவர் வரை உண்டு. காரணம் மிக எளியது. கரிமக் கணிப்பு ஒருகாலத்தில் உயிரோடு இருந்த பொருளுக்குத்தான் பொருந்தும். மாடு சாகும்போது அதன் எலும்புக்குள் கதிரியக்கக் கரிமம் புதிதாகச் சேர்வது நின்று, தேய்வு மட்டும் தொடர்கிறது. கல் சாவதில்லை. அதைச் செதுக்கிய நாளை அது எங்கும் குறித்துக்கொள்வதில்லை. ஷாங் எழுத்தரின் அதிர்ஷ்டம், எழுதிய பொருளே காலத்தையும் சுமந்தது. வூ டிங் காலத்துச் சந்திர கிரகணங்கள் வேறு எலும்பில் பதிவாகியிருக்கின்றன. வானியலாளர்கள் பின்னோக்கிக் கணக்கிட்டு கி.மு. 1200ஐ ஒட்டிய ஆண்டுகளைச் சுட்டுகிறார்கள். இரண்டு வழியும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

குடிமல்லம் கோயில் சுவர்களில் எழுத்தே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது, தமிழில். பல்லவர் காலம், பாணர் காலம், சோழர் காலம். 1126இல், விக்கிரம சோழன் காலத்தில், கோயில் புதுப்பிக்கப்பட்டது. நிலம், பொன், பசு கொடுத்தவர்கள் பெயர் எல்லாம் உண்டு. ஊரின் பெயர்கூட அவற்றில் வேறு, திருவிப்பிரம்பேடு. முதலில் இந்தக் கல்லை நட்டது யார் என்று ஒரு கல்வெட்டும் சொல்லவில்லை. பல்லவர்காலத்து எழுத்தருக்கே அது ஆயிரம் ஆண்டுப் பழங்கதை.

அந்த வெற்றிடத்தில்தான் தலபுராணம் வந்து உட்கார்கிறது. தாயைக் கொன்ற பரசுராமன் பாவம் தீரத் தவம் செய்ய வந்தான். சித்திரசேனன் என்ற யட்சன் அவன் குளத்துப் பூவைக் காவல் காத்து, ஒருநாள் தானே பூசை செய்துவிட்டான். இருவரும் பதினான்கு ஆண்டு போரிட்டார்கள். சிவன் இருவரையும் தன்னுள் சேர்த்தார். கல்லை மறுபடி பாருங்கள். மழு ஏந்தியவன் மேலே, யட்சன் கீழே. கதையிலிருந்து சிலை பிறந்ததாகத் தெரியவில்லை எனக்கு. சிலையின் பொருள் மறந்த ஒரு காலத்தில் யாரோ அதை வரிவரியாகப் படித்துக் கதை கட்டியிருக்கிறார்கள், அதுவும் நல்ல கதை. கருவறையில் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் பொங்கும் என்றும் ஊரில் சொல்வார்கள். தாழ்ந்த தரை, பக்கத்தில் ஆறு, மழை மிகுந்த ஆண்டில் ஏறும் நிலத்தடி நீர். தண்ணீர் வருவதற்கு இவை போதும். அறுபது என்ற எண் பஞ்சாங்கம் கொடுத்தது.

தொண்டைமான் விஷயத்தில் கூ ஜியேகாங்கின் விதி இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. சங்க இலக்கியத்தில் தொண்டைமான் இளந்திரையன் காஞ்சியில் இருக்கும் ஒரு வள்ளல், பெரும்பாணாற்றுப்படையின் தலைவன். வேங்கடத்துக்கு அகநானூறு அடிக்கடி சொல்லும் தலைவன் புல்லி, கள்வர் கோமான். புல்லியைப் புராணம் மறந்தேவிட்டது. தொண்டைமானோ நூல் பிந்தப் பிந்தச் சக்கரவர்த்தியாகி, கடவுளின் மாமனாருக்குத் தம்பியாகி, சக்கராயுதமே கடன் வாங்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டான். திருமலை, திருச்சானூர்க் கல்வெட்டுகள் பல்லவர் காலத்துக்கு முன்னே போவதில்லை. அவற்றில் மனதில் நிற்பவள் சாமவை என்ற அரசி. வெள்ளிப் படிமம் செய்து கொடுத்தவள். அது ‘போக சீனிவாசர்’ என்ற பெயரில் இன்றும் பூசையில் இருக்கிறது. கதையே இல்லாத ஒரு பெண் அசைக்க முடியாத வரலாறாக நிற்கிறாள்.

சங்க அரசர்கள் எல்லாருமே இப்படி அந்தரத்தில் நிற்பவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. வாங் குவோவெய் பொருத்திய எலும்புக்கு இணையாகத் தமிழில் இரண்டு பாறைகள் உண்டு. கரூருக்கு அருகே புகளூர் ஆறுநாட்டார் மலையில் ஒரு சமணத் துறவிக்குக் கல்படுக்கை கொடுத்த செய்தி தமிழ்-பிராமியில் இருக்கிறது. அதில் தாத்தா, மகன், பேரன் என்று மூன்று சேரர்கள். ஐராவதம் மகாதேவன் 1965இல் அதைப் பதிற்றுப்பத்தின் இரும்பொறை மரபோடு பொருத்திக் காட்டினார். 1981இல் திருக்கோவிலூர் வட்டம் ஜம்பையில் இன்னொன்று கிடைத்தது. கொடுத்தவன் பெயர் அதியன் நெடுமான் அஞ்சி. ஔவையின் அதியமானேதான். அசோகன் கல்வெட்டில் சத்தியபுத்திரர் என்று வருபவர்கள் யார் என்ற பழைய புதிருக்கும் அந்த ஒரே வரியில் விடை இருந்தது. இளந்திரையனுக்கும் புல்லிக்கும் அப்படி ஒரு பாறை வாய்க்கவில்லை, அவ்வளவுதான். அதனால் அவர்கள் பொய்யாகிவிடவும் இல்லை.

வெள்ளத்தை அடக்கிய யூ இன்றும் இந்த நடுக்கட்டத்தில்தான் நிற்கிறார். 2016இல் வூ சிங்லோங்கும் உடன் ஆய்வாளர்களும் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மஞ்சள் ஆற்றின் ஜிஷி பள்ளத்தாக்கில் நிலநடுக்கத்தால் மலை சரிந்து ஆற்றை அடைத்தது. பல மாதம் தேங்கிய நீர் கி.மு. 1920ஐ ஒட்டி உடைத்துக்கொண்டு பாய்ந்தது. உச்சத்தில் விநாடிக்கு மூன்று முதல் ஐந்து லட்சம் கனமீட்டர். கீழே இருந்த லாஜியா என்ற குடியிருப்பில் நிலநடுக்கத்தில் இறந்த குழந்தைகளின் எலும்பிலிருந்து காலம் கணித்தார்கள். மற்ற நிலவியலாளர்கள் வெள்ளத்தின் அளவையும் காலத்தையும் கேள்வி கேட்டார்கள். அந்த வெள்ளம் முழுக்க நிரூபணமானாலும் ஒரு மலை சரிந்தது என்றுதான் நிரூபணம் ஆகும்; யூ என்ற ஒருவர் கால்வாய் வெட்டினார் என்று ஆகாது. யூவின் பெயரைச் சொல்லும் மிகப் பழைய பொறிப்பு ஒரு வெண்கலக் கலத்தில், கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டியது. வெள்ளத்துக்கு ஆயிரம் ஆண்டு பிந்தியது, குடிமல்லத்தின் பல்லவக் கல்வெட்டு போல.

யூவின் சியா வம்சத்தைத் தேடிப் போன சு சூஷெங் 1959இல் லுவோயாங் அருகே எர்லிதோ என்ற இடத்தைக் கண்டார். அரண்மனை அடித்தளங்கள், வெண்கல உலைகள், நேர்நேரான சாலைகள், ஷாங்குக்கு முந்தையவை. சீன ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இதுதான் சியாவின் தலைநகர் என்கிறார்கள். அங்கே பல ஆண்டு அகழ்வை நடத்திய சூ ஹோங் போன்றவர்களோ, எழுத்து கிடைக்காதவரை அந்தப் பெயரை ஒட்டமாட்டோம் என்கிறார்கள். ஷாங் காலத்திலேயே மூங்கில் சீவல்களைக் கயிற்றால் கட்டி எழுதியிருக்க வேண்டும், அந்தக் கட்டின் வடிவத்திலேயே குறி எலும்புகளில் ஓர் எழுத்து இருக்கிறது. ஆனால் ஒரு சீவலும் மிஞ்சவில்லை, மூங்கில் மக்கிவிட்டது. எலும்பில் எழுதும் வழக்கம் எர்லிதோவில் இல்லாமல் போயிருந்தால், நகரம் முழுவதையும் தோண்டினாலும் அரசன் பெயர் கிடைக்காது. சுவர்ணமுகிக் கரையில் ஓலையில் எழுதியவர்கள் நிலையும் அதுவேதான். ஆனால் அன்றைய தமிழ்நிலத்தில் மட்பாண்டத்தில் பெயர் கீறும் பழக்கமும் இருந்தது. கீழடியிலும் கொடுமணலிலும் அப்படிக் கீறிய ஓடுகள் குவிந்தன, பெரும்பாலும் சாதாரண ஆட்களின் பெயர்கள். குடிமல்லத்தில் அகழ்ந்தது கோயிலையும் அதன் அடியையும். கல்லை நட்டவர்கள் குடியிருந்த மேடு எது என்று ஆற்றங்கரையில் தேடுவதுதான் இனி மிச்சமுள்ள வேலை.